புள்ளிவட்டம்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கு மேலே
இரண்டாம் மாடி.
கீழே கொலுசுக்கு உருக்கும் வாசனை
படியேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது.
அதைத் தவிர பதினோரு பேர்.

காட்சிக்கவிதை என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.
கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல்:
"இதை எப்படிங்க படிக்கிறது,
வாய்விட்டா, வாய் மூடியா?"
இலியாஸ். ஐந்து ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிப்பவர்.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடை திறப்பு
மூன்றுக்கும் ஒரே எழுத்துருவை
மூன்று நிறத்தில் வைத்திருப்பவர்.

என்னிடம் பதில் இருந்தது, நாற்பது ஸ்லைடுகளில்.
ஏழாவதில் கரண்ட் போனது.

அதனால்
ஆளுக்கோர் எழுத்தை உடைக்கச் சொன்னேன்.
கொம்பு தனியே, கால் தனியே, சுழி தனியே.
இரும்பாலை கேன்டீனில் கணக்கெழுதும் குணவதி
'கை' என்று எழுதி
முன்னால் நின்ற சுழியைக் கழற்றினார்.
க மட்டும் தாளில் நின்றது.
"மிச்சம் எங்கே?"
"ஷிப்ட்டுக்குப் போயிருக்கு" என்றார்.

கரண்ட் வந்ததும் இலியாஸ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.
"காலை மட்டும் தனியா அடிச்சா
சிஸ்டம் இப்படித்தான் காட்டும்:

                    ◌ா

எங்க தொழில்ல இது வந்தா தப்பு.
ஒருதடவை மாப்பிள்ளை பேருக்குள்ள வந்து
மூவாயிரம் ரூவா போச்சு."

வராத எழுத்துக்குத்
துண்டு போட்டு வைத்த இடம்.
இதைப் பற்றியே பேச
பத்து வருடமாக ஊர் ஊராகப் பஸ் ஏறுகிறவள் நான்.
இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஞாயிறு, ஏற்காட்டுக்கு வேன்.
மடியில் தாள், தாளில் பேனா,
கையை எடுக்கக் கூடாது என்பது மட்டும் விதி.
இருபது கொண்டை ஊசி வளைவுகளும் தானே எழுதிக்கொள்ளட்டும்.
எல்லோருக்கும் ழ மாதிரி ஏதோ வந்தது,
அல்லது வரவேண்டுமென்று விரும்பி வரவழைத்தோம்.
பதினான்காம் வளைவில் ஸ்டெபி வாந்தி எடுத்தாள்.
அவள் தாளில் கிடந்த கோடுதான்
அன்று பொய் சொல்லாத ஒரே கோடு.

எஸ்டேட்டில் காபி காயப்போட்ட களம்.
சொல்லி வைத்திருந்தோம், ஒரு மூலை தந்தார்கள்.
செம்பழங்களைப் பொறுக்கிப் பொறுக்கி
ஆறடியில் ஒரு புள்ளிவட்டம்.
பக்கத்தில் காலில்லை, கொம்பில்லை, வெறும் வட்டம்.
கிடங்கின் மேலேறி இலியாஸ் படமெடுத்தார்.

நிரவும் பலகையோடு மாதி நின்றிருந்தாள்,
எவ்வளவு நேரமாகவோ.
"ஆச்சுங்களா?
திருப்பி விடணும், இல்லன்னா பூசணம் புடிக்கும்."
நான் வாய் திறக்கும் முன்
பலகை வட்டத்துக்குள் போய் வெளியே வந்தது.

       தி           ரு
             ப்
   பி                     வி
                ட
         ணு                 ம்

பழங்கள் வரிவரியாகப் போய் நின்றன.
எங்கள் வட்டம் எந்த வரியில் இருக்கிறதென்று
யாருக்கும் தெரியவில்லை.
"ஐயோ" என்றாள் ஸ்டெபி.
மேலிருந்து இலியாஸ்: "யாரும் அசையாதீங்க,
இப்பதான் நல்லாயிருக்கு."

உன் பெயரையும் போடுகிறோம் என்றேன் மாதியிடம்.
இனிஷியல் என்ன?
"பேரு கெடக்குது.
இன்னும் அஞ்சு பாத்தி இருக்கு,
ஆளுக்கொரு பலகை எடுங்க."
எடுத்தோம்.
மூடுபனி இறங்கி
எதிர்வரிசை மறையும்வரை இழுத்தோம்.
குணவதியின் இழுப்பு மட்டும் நேராக இருந்தது.

எட்டுக்கு நாலு, இலியாஸ் செலவு.
வரிவரியான பழங்கள்,
மேலே வெள்ளையில் அந்த வட்டம்,
கீழே வழக்கம்போல் அவருடைய செல் நம்பர்.
ஐந்து ரோட்டில்
ஒரு பூப்புனித நீராட்டுக்கும்
ஒரு பதினாறாம் நாளுக்கும் நடுவே கட்டினார்.
மூன்றாம் நாள் மாநகராட்சி வண்டி மூன்றையும் கழற்றியது.

அப்புறமும் போன் வந்தபடி இருக்கிறதாம்.
யாரும் கவிதையா என்று கேட்கவில்லை.
"அண்ணே,
அந்த வட்டத்துல யார் போட்டோ வரும்?"